பூங்கோதைக்கு ஒரு சாய்மானம்

நசருல்லா: வண்டியிலருந்து எறங்குங்கண்ணே. பின்னாடி உக்கார்றவங்க முதுகுக்குத்தானே சாய்மானம்? நீங்க ஏன் ஏறி உக்காந்துக்கினீங்க? தங்கச்சி உக்காரட்டும், அளவு எடுக்கணும்.

தாண்டவராயன்: என் முதுகும் என் பொண்டாட்டி முதுகும் ஒரே அளவுதான் பாய். நீ எடு.

பூங்கோதை: ஆமா பாய். ஒரே அளவு.

நசருல்லா: இன்னாது! அண்ணன் புளி மூட்டை. நீ முருங்கைக்கா. ஒரே அளவா?

பூங்கோதை: அவரு அளவுக்கே பண்ணுங்க. நான் இனிமே சதை போடுவேன்.

தாண்டவராயன்: போடுவா.

நசருல்லா: செங்கத்துல எத்தினியோ வண்டிக்கு வெல்டிங் வெச்சிட்டேன். இப்டி ஒரு அளவு... சரி, புல்லட்டு வாங்கி இத்தினி நாள் இல்லாம இப்ப இன்னா திடீர்னு?

தாண்டவராயன்: மலை ஏறணும் பாய். நெல்லிவாசல்நாடு. மாமியார் ஊர்ல திருவிழா. இதுவரைக்கும் ஜீப்புதான் போயிருக்கு. மொத மொதல்ல அந்த ஊருக்கு புல்லட்டு ஏத்தப் போறது நான்தான்! மச்சானுங்க எல்லையில மேளம் வெச்சிக்கினு நிக்கப் போறானுங்க.

பூங்கோதை: மொதல்ல ஒரு மேளந்தான் சொன்னாங்க. இப்ப ரெண்டாம்.

தாண்டவராயன்: பாத்தியா பாய், மரியாதை ஏறிக்கினே போவுது. போன வாரம் ஒரு தடவை பழகிப் பாக்கலாம்னு முக்கால்வாசி மலை ஏறினோம். ஒரு வளைவுல, பின்னாடி உக்காந்திருந்த இவ... பொத்துனு கீழ.

நசருல்லா: அல்லா! தங்கச்சி, வுழுந்துட்டியா? அடி கிடி?

பூங்கோதை: அடியா... இல்ல பாய். அப்டியே உருண்டு எழுந்துட்டேன்.

தாண்டவராயன்: உருண்டா. நான் பாத்தேன்... ஆ!

நசருல்லா: இன்னாண்ணே, ஆ?

தாண்டவராயன்: ஒண்ணுமில்ல. இடுப்பு.

நசருல்லா: வுழுந்தது தங்கச்சி. நொண்டுறது நீங்களா?

தாண்டவராயன்: தூக்கினேன்ல... சுளுக்கிக்கிச்சு.

நசருல்லா: முருங்கைக்காயைத் தூக்கியா?

பூங்கோதை: க்கும்... க்கும்...

தாண்டவராயன்: சிரிக்காத பூங்கோத.

பூங்கோதை: சிரிக்கல மாமா. வெல்டிங் பொகை.

நசருல்லா: நான் இன்னும் பத்தவே வெக்கலியேம்மா! சரி, பைப்பு வளைச்சாச்சு. வெச்சிப் புடிச்சிக்கிறேன், நீ ஏறி உக்காரு. எங்க சாயறேன்னு பாத்துட்டு வெல்டிங் வெக்கிறேன்.

பூங்கோதை: இந்தா, உக்காந்துட்டேன்.

நசருல்லா: ...இரு இரு. ஒரு பக்கமா உக்காந்திருக்கே.

பூங்கோதை: பொடவை கட்டினவ வேற எப்டி பாய் உக்காருவேன்?

நசருல்லா: அதைத்தாம்மா நானும் கேக்குறேன். ஒரு பக்கமா உக்காந்தா இது உன் முதுகுக்கு எங்க வருது? கைமுட்டியிலதான் இடிக்குது. ரெண்டு பக்கமும் காலு போட்டு உக்கார்ற ஆளுக்குத்தான் இது ஆவும். இன்னா, ரெண்டு பேரும் மூஞ்சை மூஞ்சைப் பாத்துக்கிறீங்க?

பூங்கோதை: நீ இத யோசிச்சிருக்கணும் மாமா.

தாண்டவராயன்: நானா? பொடவை கட்றது நீ!

பூங்கோதை: சரி, அத வுடுங்க. பாய், அப்டியே அந்த கிளட்சை கொஞ்சம் லூசு பண்ணுங்க. வளைவுக்கு வளைவு புடிச்சிப் புடிச்சி என் வெரலே வுட்டுப் போவுது.

நசருல்லா: யாரு வெரலு?

பூங்கோதை: ...அவரு வெரலு.

நசருல்லா: என் வெரலுன்னியே.

பூங்கோதை: கல்யாணம் ஆயிட்டா எல்லாம் ஒண்ணுதான் பாய்.

நசருல்லா: முதுகும் ஒண்ணு, வெரலும் ஒண்ணு! அண்ணே, இப்டி என் கண்ணைப் பாருங்க. வண்டிச் சாவி ஏன் தங்கச்சி இடுப்புல தொங்குது?

தாண்டவராயன்: வெளிய யாராச்சும் நிக்கிறாங்களா?

நசருல்லா: ஒரு ஈ காக்கா இல்ல.

தாண்டவராயன்: வுழுந்தது நான்தான் பாய்.

நசருல்லா: அப்போ ஓட்டினது...

பூங்கோதை: நான். மலைவழியில இவரு முன்னாடி உக்காந்தா, வளைவு வந்ததும் கண்ணை மூடிக்கிறாரு.

தாண்டவராயன்: பொறந்ததுலருந்து நடந்தே ஏறி எறங்கின மலை பாய். காலு தரையில இருந்தா பயமே கெடையாது. வண்டியை நானே ஓட்டிக்கினு பள்ளத்தைப் பாத்தா தலை கிர்ருங்குது. காஞ்ச ஏரியில நான்தான் இவளுக்கு ஓட்டக் கத்துக் குடுத்தேன், சும்மா வெளையாட்டுக்கு. பாத்தா, என்னையே தூக்கி சாப்ட்டுட்டா!

பூங்கோதை: இடுப்பைப் புடிச்சிக்கோ மாமான்னேன். வெக்கப்பட்டாரு பாய். ஆடு மேய்க்கிறவங்க பாப்பாங்களாம்.

நசருல்லா: வெக்கத்துலயா வுழுந்தீங்க! ஹா ஹா... ஐயோ... பைப்பு கோணிடும், சிரிக்க வெக்காதீங்க...

தாண்டவராயன்: நல்லா சிரிச்சிக்கோ. ஆனா சந்தையில வாய தொறந்துடாத. மச்சானுங்க காதுக்குப் போச்சுன்னா அவ்ளோதான். ஆயுசுக்கும் எனக்கு சோறு போடும்போதெல்லாம் சிரிப்பானுங்க.

நசருல்லா: என் வெல்டிங் மேல சத்தியம், சொல்ல மாட்டேன். ஆனா மேளத்து முன்னாடி இன்னா பண்ணுவீங்க?

தாண்டவராயன்: ஊருக்கு முன்னாடி ஒரு நாவமரம். அங்க எறங்கி மாறிக்குவோம். அதுக்கப்புறம் சமதரை, நான் ஜம்முனு ஓட்டிக்கினு போவேன். இல்ல பூங்கோத?

பூங்கோதை: ம்.

நசருல்லா: கண்ணை மூடிக்கோங்க, பத்த வெக்கிறேன்... ஆச்சு. மெத்தையும் மாட்டியாச்சு. சூடு ஆறிடுச்சு, ஏறுங்கண்ணே. காலை ரெண்டு பக்கமும் போட்டு சாயுங்க.

தாண்டவராயன்: ஆஹா... ஆஹாஹா... கயித்துக் கட்டில் மாதிரி இருக்குது பாய்! பூங்கோத, இனிமே எந்த வளைவுல வேணா சாய்ச்சி ஓட்டு. ஒண்ணு சொல்லட்டுமா? உன் பின்னாடி உக்காந்துக்கினு அந்த மலையைப் பாக்க எனக்கு அவ்ளோ சந்தோசமா இருக்கும். வெளிய சொல்லத்தான் வெக்கம்.

பூங்கோதை: மாமா...

தாண்டவராயன்: இன்னா, கண்ணு கலங்குது?

பூங்கோதை: நாவமரத்தாண்ட எறங்க வேணாம் மாமா.

தாண்டவராயன்: ஏன்?

பூங்கோதை: கோச்சிக்க மாட்டியே?

தாண்டவராயன்: சொல்லுடி.

பூங்கோதை: அன்னிக்கி நீ வுழுந்தப்போ பாறை மேல ஆடு மேய்ச்சிக்கினு இருந்தது எங்க பெரியண்ணன். ரெண்டாவது மேளம் சொன்னதே அதுக்கப்புறந்தான். மேளம் எனக்கு மாமா. உன் இடுப்புக்கு பச்சிலை அரைச்சி வெச்சிருக்காங்க.