சிலோனுக்குப் போய் வந்த வாத்தியார்

சோணைமுத்து: ...அப்ப கப்பல்ல வாந்தியே எடுக்கலயா வாத்தியாரய்யா?

யோபு: வாந்தியா... எனக்கா? கப்பல்காரனே அசந்துட்டான்னா பாத்துக்கோயேன்.

இசபெல்: அசந்துதான் போனான்.

யோபு: இசபெல், நீ உள்ள போய் காப்பி போடு.

இசபெல்: போட்டாச்சு, கையில இருக்கு. இந்தாங்க சோணைமுத்து அண்ணே, பிடிங்க.

சோணைமுத்து: ஆமத்தூரே உங்க பேச்சுதான். பள்ளிக்கூட லீவுக்கு அவனவன் மாமியார் வீட்டுக்குப் போவான், நம்ம வாத்தியார் பொண்டாட்டி புள்ளைகளோட சிலோனுக்குல்ல போயிட்டு வந்திருக்காருன்னு... பட்டாசுக் கம்பெனியில நான் சொல்லுதேன், நாப்பது பேரு வேலைய விட்டுட்டுக் கேக்கான்.

யோபு: அம்புட்டு பேருகிட்டயுமா சொன்ன?

இசபெல்: கேட்டுக்கோங்க.

சோணைமுத்து: கொழும்பு எப்பிடிங்கய்யா?

யோபு: கொழும்பு... மணல் ஜாஸ்தி.

சோணைமுத்து: மணலா? பெரிய பெரிய கட்டடமா இருக்கும்னாக.

இசபெல்: மணல்தான் அண்ணே. சோத்துல மணல், பாயில மணல், சின்னவன் காதுல மணல்.

யோபு: கடலோரமா தங்கிட்டோம்...

இசபெல்: ஓலைக்குடிசையில.

யோபு: காத்துக்காக!

சோணைமுத்து: உங்க பாப்பா ஞானஜோதி சொல்லுச்சு... அப்பா வலை இழுக்கப் போயி வலைக்குள்ளயே விழுந்துட்டாருன்னு. மீனோட மீனா கரையில இழுத்துப் போட்டாகளாம்.

யோபு: அது வந்து...

சோணைமுத்து: நண்டு வேற எங்கனயோ கடிச்சுதுன்னு...

யோபு: போதும்ப்பா.

இசபெல்: மூணு நாளு உக்கார முடியல அண்ணே. நின்னுக்கிட்டே சாப்பிட்டாக.

யோபு: சிரி, நல்லா சிரி.

சோணைமுத்து: சரிய்யா... நம்ம விசயத்துக்கு வருவோம். நீங்க கெளம்பையில ஒரு காயிதம் குடுத்தேனே. எந்தம்பி முனியசாமிக்கு.

யோபு: ஆமா... காயிதம்...

சோணைமுத்து: தேயிலைத் தோட்டத்துக்குன்னு அம்பத்தி மூணுல கெளம்பினவன். ஆறு வருசம். ஆத்தா வாசலயே பாத்துக்கிட்டுக் கெடக்கு. அவனப் பாத்தீகளாய்யா?

யோபு: பாத்தேன்னா... தோட்டம் தூரமாச்சா... ஆனா ஆளு நல்லா...

இசபெல்: என்னங்க.

யோபு: இரு இசபெல்.

இசபெல்: இருக்க மாட்டேன். நண்டு கடிச்சத புலி கடிச்சுதுன்னு வேணா சொல்லிக்கோங்க. பெத்தவ விசயத்துல பொய் சொன்னா ஆண்டவரு பொறுக்க மாட்டாரு. நீங்க சொல்லுதீகளா, நான் சொல்லவா?

யோபு: நானே சொல்லுதேன்... சோணைமுத்து, நாங்க சிலோனுக்குப் போகலப்பா.

சோணைமுத்து: ம்.

யோபு: கப்பலே ஏறல, மண்டபம் கேம்ப்புலயே திருப்பிட்டாக. கொழும்புல இருக்க மச்சினன் 'வாங்க அத்தான்'னு லெட்டர் போட்டிருந்தான். அதுதான் பர்மிட்டுன்னு நெனச்சு நீட்டிட்டேன். அஞ்சாம் வகுப்புக்குப் பூகோளம் நடத்துற மடையன் நானு! சிலோன் வேற தேசம்னு கலர் சாக்பீசுல வரஞ்சு காட்டினவன்!

இசபெல்: ஆபீசர் லெட்டர முழுசாப் படிச்சுட்டு, 'மச்சினன் எழுத்து அழகா இருக்கு சார்'னாரு.

யோபு: திரும்பி வந்தா ஊரு சிரிக்குமே. பாலத்தத் தாண்டி பாம்பன்ல போய் எறங்கினோம். ஆரோக்கியம்னு ஒரு மீன்காரர் குடிசையில இடம் விட்டாரு. அதுவும் தீவுதானேன்னு மனச தேத்திக்கிட்டேன். சுத்திக் கடல், நடுவுல நானு, புள்ள மூத்திரத் துணிய அலசிக்கிட்டு.

இசபெல்: நல்லாத்தான் இருந்துச்சு அண்ணே. புள்ளைக ரெண்டும் கறுத்து, மீனாத் தின்னு, தேறி வந்திருக்கு. இவுகளும் ஒரு மாசம் பிரம்பத் தொடல. வாய்விட்டுச் சிரிச்சாக.

யோபு: இந்தா உன் காயிதம், ஒட்டினது ஒட்டினபடி இருக்கு. ஆத்தாகிட்ட நானே வந்து சொல்லுதேன். வெக்கமா இருக்குப்பா... ஏன்ப்பா, சிரிக்கியா, அழுவுதியா?

சோணைமுத்து: அந்தக் கவரப் பிரிங்கய்யா.

யோபு: நானா? ...என்னப்பா இது, வெறுந்தாளு!

சோணைமுத்து: நீங்க போறீகன்னு தெரிஞ்சதும் ஆத்தா எழுதுடா எழுதுடான்னு பக்கத்துலயே நின்னுச்சு. வேற என்ன செய்ய, எழுதுற மாதிரி வெறுந்தாள மடிச்சு ஒட்டிட்டேன். நீங்க நெசமாவே தேடிப் பாத்துட்டு, 'அப்பிடி ஒரு ஆளே அங்க இல்ல'ன்னு வந்து நிப்பீகளோன்னு... ஒரு மாசமா எனக்கு சோறு எறங்கல.

இசபெல்: அய்யோ அண்ணே... தம்பி உசுரோட...

சோணைமுத்து: அவனுக்கென்ன, கல்லாட்டம் இருக்கான். காரியாபட்டியில பருத்தி மூட்ட தூக்குதான்.

யோபு: காரியாபட்டியிலயா! இருபத்தஞ்சு மைலு!

சோணைமுத்து: அவனயும் மண்டபத்துலதான் திருப்பி விட்டாகய்யா. ஆத்தா காதுல கெடந்த பாம்படத்த வித்துல்ல போனான். எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு வீட்டுக்கு வருவான்? உங்களுக்காச்சும் ஒரு தீவு கெடச்சுது.

யோபு: ஆத்தாவுக்குத் தெரியாதா?

சோணைமுத்து: தெரியாது. அந்தா... கம்ப ஊனிக்கிட்டு வருது பாருங்க. நீங்க வந்தது காதுல விழுந்திருக்கும். அவனப் பாத்தேன்னு ஒரு வார்த்த சொல்லுங்கன்னு... கேக்க வாய் வரல. வாத்தியாரம்மா வேற ஆண்டவரு பொறுக்க மாட்டாருன்னாக.

யோபு: இசபெல், நீ உள்ள போ. நான் எதையாவது சொல்லி...

இசபெல்: நீங்க வாயத் தொறக்காதீக. உங்களுக்குப் பொய்யும் ஒழுங்கா வராது, கொழும்புல மணலும்பீக. ...வாங்க ஆத்தா, பாத்து, படி இருக்கு. ஆமா, எங்கண்ணால பாத்தேன் உங்க முனியசாமிய. நல்லா இருக்காரு. இந்தத் தீவாளிக்கு வீட்டுக்கு வந்துருவேன்னு எங்கிட்ட சத்தியம் பண்ணியிருக்காரு... கேட்டீகளா சோணைமுத்து அண்ணே? இந்தத் தீவாளிக்கு.