கனமான ஃபோல்டரும் லேசான ஃபோல்டரும்

...இல்ல தம்பி, கம்ப்யூட்டர் ரிப்பேர் பாக்குறவரு, நீங்களே சொல்லுங்க, ரோஜாப்பூ டிசைனத் திறந்தா ரோஜாப்பூ வரணுமா வேணாமா? ஒத்த வரி வருது! என்ன வரி? பூ எங்க இருக்குன்னு விலாசம்! பசியோட உக்காந்தவன் தட்டுல, ‘சோறு அடுப்படியில இருக்கு’ன்னு சீட்டெழுதி வச்ச மாதிரி...

நமக்கு எம்பிராய்டரி கடை. பூ மட்டும் போனா பரவால்ல, பள்ளிக்கூடச் சின்னமும் அப்படித்தான் வருது. திங்கக்கிழமை பள்ளிக்கூடம் திறக்குது, முந்நூறு சட்டை மொட்டையாத் தொங்குது!

எல்லாம் எங்க மாப்பிள்ளையோட கைங்கரியம். பெரிய மூளை! பழைய கம்ப்யூட்டர்ல விண்டோஸுக்குப் பதிலா லினக்ஸ்னு ஒண்ணப் போட்டாரு. டிசைனெல்லாம் ஒரு ஃபோல்டர்ல, அதே டிசைன் இன்னொரு ஃபோல்டர்லயும் தெரியும். ‘அத்தை, இது வெறும் லிங்க், வழி காட்டுற சீட்டு மாதிரி, அசல் அங்க இருக்கு’ன்னாரு. ஆமாமா, சரிங்கன்னேன். யாரு காதுல வாங்குனா?

இப்ப வாங்குன புது கம்ப்யூட்டர்ல விண்டோஸ். ஃபைல் இருக்கற பாதைய எழுதுறப்ப அதுல கோடு ஒரு பக்கம் சாயுமாம், இதுல மறுபக்கம் சாயுமாம். ஒரு கோட்ட ஒழுங்கா நிக்க வைக்கத் தெரியல, கம்ப்யூட்டர் பண்ண வந்துட்டாங்க! அதத் திருப்பி ஃபைல அங்கருந்து இங்க கொண்டுவர மாப்பிள்ளை ஒரு புரோகிராம் எழுதினாரு. அவரு வீட்டுல ட்யூப்லைட் மாத்த எம்பொண்ணு கெஞ்சிட்டு இருக்கா, அதுக்கு நேரமில்ல. கோடெல்லாம் அழகாத் திரும்பிருச்சு. பூவத்தான் காணோம்!

என்னது? அசல் ஃபோல்டரா? அட, அதத்தான் சொல்ல வர்றேன். புதுசுக்கு அனுப்புறதுக்கு முன்னாடி சுத்தம் பண்ணலாம்னு பாத்தேன். ஒரே பேரு, ஒரே டிசைன், ரெண்டு இடத்துல! ஒண்ணு டிஸ்க்கயே அடைச்சுக்கிட்டு கனமாக் கெடக்கு. இன்னொண்ணு காத்து மாதிரி லேசா இருக்கு. புத்தியுள்ளவ எத வச்சுப்பா? லேசானத வச்சுக்கிட்டேன். கனமானத அழிச்சு, அந்த டிஸ்க்கக் கழட்டி எங்கண்ணனுக்குக் குடுத்துட்டேன். அவரு வழிய வழிய சினிமா ஏத்திட்டாரு...

என்ன தம்பி சொல்றீங்க? திருப்பி எடுக்கவே முடியாதா?

மாப்பிள்ளைகிட்ட நகலா... இருக்கும். புரோகிராமச் சோதிச்சுப் பாக்கணும்னு, நான் அழிக்கறதுக்கு முன்னாடியே அவரு லேப்டாப்புல எடுத்துட்டுப் போனாரு. ஆனா காலைல போன்ல கொஞ்சம்... பேசிட்டேன். ‘உங்க மூளைய உங்க வீட்டோட வச்சுக்குங்க, என் கடைப் பக்கம் வராதீங்க’ன்னு. அவரும் ‘சரிங்கத்தை’ன்னு வச்சுட்டாரு.

தம்பி... உங்க போன்லருந்து அவருக்குப் போடுங்களேன். நான் இங்க இருக்கேன்னு சொல்லாதீங்க. ‘அத்தை எதையாவது அழிச்சாங்களா’ன்னுதான் மொதல்ல கேப்பாரு...

நீங்க அழிச்சதா சொல்லிருங்க.