குப்பையே இல்லை என்று முழங்கியவன் பேசுகிறேன்

கூட்டத்தைத் தாங்கும் பொறுப்போடு வந்த கொட்டாவியையும் தாங்கிக்கொண்டு வீற்றிருக்கும் தலைவர் அவர்களே! மூட்டு வலியைப் பொருட்படுத்தாமல் மூன்று மாடி இறங்கி வந்திருக்கும் மூத்தோரே! அடுப்பை அணைத்தோமா இல்லையா என்ற ஐயத்தோடு அமர்ந்திருக்கும் அன்னையரே! மூன்றாம் வரிசை ஓரத்தில் கையைக் கட்டிக்கொண்டு என்னையே பார்க்கும், போன மாதம் வரை இந்தக் குடியிருப்பைப் பெருக்கிக் காத்த அக்கா அவர்களே! நம் அனைவருக்கும் மேலாக, மெய்யாகவே மேலாக, நின்று நிழல் தரும் மரமே! உங்கள் செயலாளனின் பணிவான வணக்கம்.

போன மாதக் கூட்டத்தில், இதே மேடையில், இதே மைக்கில் நான் என்ன முழங்கினேன்? "பன்னிரண்டு ஆண்டுகளாக இந்த முற்றத்தைப் பார்க்கிறேன். ஒரு காகிதம் உண்டா? ஓர் இலை உண்டா? படிக்கட்டில் ஒரு தூசு உண்டா? இல்லாத குப்பையைப் பெருக்க எதற்கு ஐயா ஓர் ஆள்?" என்றேன். முற்றம் சுத்தமாக இருந்ததைப் பார்த்து, குப்பை விழுவதே இல்லை என்று முடிவு கட்டினேன். அடடா, என்ன அறிவு! வயிறு முட்டச் சாப்பிட்டவன், "எனக்குத்தான் பசியே இல்லையே, அடுப்பை விற்றுவிடலாம்" என்றானாம், அந்த அறிவு. சிரிக்கிறீர்கள்! அன்று கைதட்டியது யார்? இரண்டாம் வரிசை ஐயா, குனியாதீர்கள். உங்கள் கைத்தட்டல்தான் ஓங்கி ஒலித்தது.

அக்கா கையிலிருந்த துடைப்பத்தைச் சுவரோரம் சாத்தினார். "சரி சார். பார்த்து நடங்க" என்றார், போய்விட்டார். நான் அதை வாழ்த்து என்றல்லவா நினைத்தேன்!

முதல் நாள் இலை உதிர்ந்தது. இரண்டாம் நாள் இலை மேல் இலை. மூன்றாம் நாள் மழை. நான்காம் நாள் காலை, கையில் பால் பாக்கெட்டோடு, கம்பீரமாக முற்றத்தில் கால் வைத்தேன். அடுத்த நொடி வானம் தெரிந்தது. நான் இலை மேல், பால் என் மேல். முதல் மாடி சன்னலில் என் மனைவி எட்டிப் பார்த்தாள். ஓடி வந்து தூக்கினாளா? கேட்டாள் ஐயா, தெருவே கேட்கக் கேட்டாள்: "என்னங்க, குப்பையே இல்லாத இடத்துல எப்படிங்க வழுக்கும்?"

அப்போதாவது புத்தி வந்ததா? பழியைத் தூக்கி மரத்தின் மேல் போட்டேன். வெட்ட ஆளை வரவழைத்தேன். வந்தவர் கோடரியைக் கீழே வைத்தார், துண்டை விரித்தார், மரத்தடியில் சாய்ந்துவிட்டார். "என்னய்யா இது?" என்றேன். "வெயில் தாழட்டும் சார். இவ்ளோ நல்ல நிழல் இந்தத் தெருவுல வேற எங்க இருக்கு?" என்றார். எனக்குச் சுருக்கென்றது. இந்த நிழலில் காரை நிறுத்தும் இடத்துக்காக எத்தனை சண்டை போட்டவன் நான்! தலைவரே, அதனால்தானே நீங்கள் இரண்டு வருடம் என்னோடு பேசவில்லை? நிழலுக்கு மல்லுக்கட்டியவன் மரத்துக்கு ஒரு குவளைத் தண்ணீர் ஊற்றியிருப்பேனா? ஊற்றியதில்லை. வெட்ட வந்தவரைத் தூங்கவிட்டு, அக்கா வீட்டுக்கு நடந்தேன்.

"மன்னிச்சுடுங்கக்கா, நாளைக்கே வந்துடுங்க" என்றேன். உட்கார வைத்தார், தேநீர் கொடுத்தார், அப்புறம் சொன்னார்: "போகச் சொன்னது மைக்குல. வரச் சொல்றது மட்டும் என் வீட்டு வாசல்லயா சார்? மைக்குல சொல்லுங்க. கேட்டுட்டுச் சொல்றேன்."

எதிர்க் குடியிருப்பில் அவரை வேலைக்கு அழைத்திருக்கிறார்கள். இன்று மாலைக்குள் அவர் பதில் சொல்ல வேண்டும். அதனால்தான் இந்தப் பேச்சு.

பெரியோர்களே! என்றோ ஒருநாள் வருபவருக்கு மாலை போடுகிறோம், அன்றாடம் வருபவருக்கு? ஒருநாள் குழாயில் தண்ணீர் நின்றால் ஊரைக் கூட்டுகிறோம். ஆயிரம் நாள் வந்த தண்ணீரை நினைத்தோமா? நம் தூக்கம் கெடக்கூடாதென்று இரும்புக் கதவை ஓசைப்படாமல் திறந்தவரை, நம் பிள்ளைகள் வாந்தி எடுத்த படிக்கட்டை முகம் சுளிக்காமல் கழுவியவரை, "சாப்பிட்டீங்களா?" என்று ஒருநாள் கேட்டோமா? நான் கேட்டதில்லை. சொல்லவே வெட்கமாக இருக்கிறது.

அக்கா, இன்று காலை இந்த முற்றத்தைப் பெருக்கியவன் நான். கை தட்டாதீர்கள், கேளுங்கள்! இந்தப் பக்கம் பெருக்கித் திரும்பினால் அந்தப் பக்கம் நாலு இலை. முழுதாக இரண்டு மணி நேரம்! கொப்புளத்தைப் பாருங்கள் தலைவரே! இதைத்தான் "இல்லாத குப்பை" என்று சொன்னேன். அதே மைக்கில் சொல்கிறேன்: தப்பு என்னுடையது. திரும்பி வாங்கக்கா.

அக்கா எழுந்து ஏதோ சொல்கிறார். பின்வரிசை, கொஞ்சம் அமைதி!

"பேச்சு நல்லாத்தான் இருக்கு சார். பெருக்கினதுதான் சரியில்ல. மூலை முடுக்கெல்லாம் அப்படியே கிடக்கு. நாளைக்கு வந்து நான்தான் எல்லாத்தையும் மறுபடி பெருக்கணும்."

கேட்டீர்களா? நாளைக்கு என்றார்! நாளைக்கு வந்து என்றார்! இப்படி ஒரு திட்டு வாங்க நான் கொடுத்து வைத்திருக்க வேண்டும். இப்போது தட்டுங்கள் கையை! இரண்டாம் வரிசை ஐயா, நீங்கள் எழுந்து நின்று தட்டுங்கள்!

பொறுமையாகக் கேட்ட உங்களுக்கும், பொறுத்துக்கொண்ட அக்காவுக்கும், வெட்டுப்படாமல் நிற்கும் மரத்துக்கும் நன்றி. அவரவர் நாற்காலியை அவரவரே மடக்கி வையுங்கள். எல்லோருக்கும் வணக்கம். அக்கா வருவது நாளைக்குத்தான். அதுவரை பார்த்து நடங்கள்.