எங்க வீட்டு எலி

டீச்சர்: சொல்லுங்க அண்ணே, இந்தத் தடவை என்ன சாக்கு?

மெத்தைக்காரர்: சாக்கா? முதல்ல உட்காருங்க டீச்சர், தண்ணி குடிங்க...

டீச்சர்: உட்கார்ந்தா என் சோபாவுலதான் உட்காருவேன். அதை எடுத்துட்டுப் போக வாசல்ல வண்டி நிக்குது.

மெத்தைக்காரர்: வண்டியோடவே வந்துட்டீங்களா! ஒரு போன் பண்ணியிருக்கலாமே...

டீச்சர்: நீங்க எடுத்தாத்தானே! முதல்ல ஸ்பிரிங் வரல. அப்புறம் துணி வரல. இப்போ என்ன, ஆணி வரலையா?

மெத்தைக்காரர்: ஆணியெல்லாம் இருக்கு. அடிக்கத்தான் முடியல. சத்தம் ஆகாது.

டீச்சர்: சோபா ரிப்பேர் கடையில சத்தம் ஆகாதா? நல்லா இருக்கே கூத்து!

மெத்தைக்காரர்: கொஞ்சம் மெதுவா பேசுங்க டீச்சர்...

டீச்சர்: எதுக்கு மெதுவா? தெருவே கேக்கட்டும்! நாளைக்கு வீட்டுக்கு விருந்தாளிங்க வர்றாங்க. அவங்களை என் தலையிலயா உட்கார வெப்பேன்? சோபா போனதுலேர்ந்து எங்க வீட்டுக்காரரும் வீடு தங்கறதில்ல. விடிஞ்சா நடக்கக் கிளம்பிடறார். வழியில பசிக்குமாம், முட்டை வேற வேகவெச்சுக் கட்டிக் குடுக்கணும்.

மெத்தைக்காரர்: முட்டையா... ம்ம். உடம்புக்கு நல்லதுதானே.

டீச்சர்: பேச்சை மாத்தாதீங்க. அந்த மூலையில போர்வை போட்டு மூடி வெச்சிருக்கீங்களே, அதுதானே என் சோபா?

மெத்தைக்காரர்: ஐயோ டீச்சர், அங்க போகாதீங்க...

டீச்சர்: ஏன், கடிக்குமா? ...அண்ணே, அது என்ன சத்தம்?

மெத்தைக்காரர்: ஸ்பிரிங்தான். புது ஸ்பிரிங் அப்படித்தான் முனகும்.

டீச்சர்: ஆளே உட்காராம முனகுதா?

மெத்தைக்காரர்: ...பழகணும்ல.

டீச்சர்: வகுப்புல பசங்க விடற புளுகையெல்லாம் கேட்டுப் பழுத்த காது இது. போர்வையைத் தூக்குங்க!

மெத்தைக்காரர்: தூக்கறேன். ஆனா கத்தக் கூடாது. கிட்டப் போயிடாதீங்க. பச்சை உடம்புக்காரி அவ.

டீச்சர்: எவ? ...அடக் கடவுளே, நாயா!

மெத்தைக்காரர்: கத்தக் கூடாதுன்னேன்ல! சோபாவோட அடித்துணியைக் கடைசியாத்தான் வெச்சு அடிப்போம். அதுவரைக்கும் அடிப்பக்கம் ஆன்னு திறந்து கிடக்கும். நான் சாப்பிட்டு வர்றதுக்குள்ள இவ உள்ள புகுந்து குட்டி போட்டுட்டா.

டீச்சர்: எத்தனை?

மெத்தைக்காரர்: அஞ்சு. இல்ல, ஆறு... ஒண்ணு மேல ஒண்ணு ஏறிப் படுத்துக்கிட்டா எப்படி எண்ணறது?

டீச்சர்: அதுவும் என் சோபாவுக்குள்ளயா!

மெத்தைக்காரர்: கோவமா டீச்சர்? சோபா உங்களதுதான், நான் இல்லைங்கல. ஆனா குட்டிங்க இன்னும் கண்ணே திறக்கல. இப்போ கிளப்பினா இந்த அஞ்சாறையும் தூக்கிக்கிட்டு அவ எங்க போவா? கொஞ்ச நாள் மட்டும் விட்டுக் குடுங்க. உங்க கால்ல வேணும்னாலும்...

டீச்சர்: என்ன சாப்பாடு போடறீங்க?

மெத்தைக்காரர்: ஆங்?

டீச்சர்: அவளுக்குத்தான். இத்தனை வாய் உறிஞ்சுது, உள்ள என்ன போகுது?

மெத்தைக்காரர்: பிஸ்கட்...

டீச்சர்: பிஸ்கட்டா! பால் குடுக்கறவளுக்கு அது எந்த மூலைக்கு? சோத்தைக் குழைய வேகவெச்சு, கறி வெந்த தண்ணியை ஊத்திப் பிசைஞ்சு போடுங்க. உப்பு, காரம் சேர்க்கக் கூடாது. ஒரேயடியாக் கொட்டாம அப்பப்ப கொஞ்சம் கொஞ்சமா. முட்டை குடுக்கலாம்.

மெத்தைக்காரர்: அதுக்குப் பஞ்சமில்ல. ஒரு புண்ணியவான் கொண்டு வந்து குடுத்துடறார்.

டீச்சர்: நல்லா இருக்கட்டும். தண்ணி எங்க?

மெத்தைக்காரர்: வாசல்ல ஒரு சட்டி வெச்சிருக்கேன்.

டீச்சர்: வாசல்லயா? குட்டிங்களைப் போட்டுட்டுத் தண்ணி குடிக்க வாசலுக்கு நடப்பாளா? அவ மூக்குக்கிட்ட வையுங்க!

மெத்தைக்காரர்: வைக்கப் போனா உறுமறாளே! முதலாளியம்மான்னு கூடக் கூப்பிட்டுப் பார்த்தேன், மசியல. கடையே இப்போ அவளுதுதான். நான் தெருவுல உட்கார்ந்து தைக்கறேன்.

டீச்சர்: குடுங்க சட்டியை. ...பொட்டு! என் தங்கமே, இங்கயாடி இருக்க?

மெத்தைக்காரர்: பார்த்து டீச்சர்... அட, வால் ஆடுது! எனக்கு ஒரு நாள் ஆடினதில்லையே! ஆமா, பொட்டா? அது யார் வெச்ச பேரு?

டீச்சர்: நெத்தியில வெள்ளையா இருக்குல்ல... சும்மா வாயில வந்துது.

மெத்தைக்காரர்: டீச்சர், சோபா பிரிச்சே நரைச்ச தலை இது. அடியில எலி கடிச்சிடுச்சுன்னு சொல்லிக் குடுத்தீங்க. பிரிச்சா உள்ள ஒரு செருப்பு, பாதி ரொட்டி, ஒரு சாக்ஸ். எலி செருப்பைத் தூக்கிட்டு வருமா?

டீச்சர்: ...சாக்ஸ் நீலமா?

மெத்தைக்காரர்: நீலம்தான்.

டீச்சர்: ஐயோ, வாஷிங் மெஷின் முழுங்கிடுச்சுன்னு அவர்கிட்ட சாதிச்சுட்டேனே!

மெத்தைக்காரர்: ஷ்ஷ்... சிரிக்காதீங்க, குட்டி முழிச்சுக்கும்.

டீச்சர்: போட்டு உடைச்சிடறேன் அண்ணே. எலியும் இல்ல, ஒண்ணும் இல்ல. இவதான். அவருக்கு நாய்னாலே ஆகாது. 'நாய் உள்ள வந்தா நான் வெளிய'ன்னு நிக்கற மனுஷன். அவர் சோபா மேல உட்கார்ந்து பேப்பர் படிப்பார், இவ மூச்சு விடாம அடியில படுத்திருப்பா. சோபா போன அன்னிக்கே இவளும் காணாமப் போயிட்டா. பிள்ளைத்தாச்சி, எங்க கிடந்து தவிக்கறாளோன்னு எனக்குச் சோறு இறங்கல. விருந்தாளி யாரும் வரல அண்ணே. சோபா வீட்டுக்கு வந்தா அவளும் வந்துடுவான்னு ஒரு நப்பாசை...

மெத்தைக்காரர்: அவ சோபா பின்னாடியே இங்க வந்திருக்கா பாருங்க! ...அட, கண்ணைத் துடைங்க டீச்சர்.

டீச்சர்: சந்தோஷத்துல வருது, வரட்டும் விடுங்க. வண்டியைத் திருப்பி அனுப்பிடறேன். சோபா இங்கயே கிடக்கட்டும், நான் பள்ளிக்கூடம் விட்டு நேரா சோத்தோட வந்துடறேன். ஆனா ஒண்ணு, எங்க வீட்டுக்காரருக்கு மட்டும் மூச்சு விடக் கூடாது. கேட்டா எலின்னே சொல்லுங்க.

மெத்தைக்காரர்: நான் எங்க சொல்றது டீச்சர்? ஸ்பிரிங் வரல, துணி வரலன்னு உங்ககிட்ட சொல்லச் சொன்னதே சார்தான். தினமும் விடிஞ்சதும் முட்டையைக் கையில வெச்சுக்கிட்டு வந்து நிக்கறார்... 'எங்க வீட்டு எலி நல்லாத் தூங்குச்சா?'ன்னு கேட்டுக்கிட்டு.