எண்பத்தெட்டும் எண்பத்தொன்பதும்

பழைய வேட்டைத் துப்பாக்கிய யாரும் மெருகு போட்டுப் புதுசாக்கக் கூடாதும்மா. பளபளன்னு இருந்தா நல்ல விலை போகும்னு நெனச்சு வார்னிஷ் அடிச்சுடுவாங்க. அதோட மதிப்பு பாதியா எறங்கிடும். கட்டையில இருக்கிற கீறல், குழல்ல மங்கிப்போன நீலம், எல்லாம் இருக்கிறபடியே இருக்கணும். ஒண்ண என் வீட்டுல இருந்தும் இன்னொண்ண மலையில இருந்தும் உங்க போலீஸ் ஆளுங்க எடுத்துட்டு வந்திருக்காங்க. வெறுங்கையால தொட வேண்டாம்னு கொஞ்சம் சொல்லி வைங்க. வேர்வை பட்டா விரல் ரேகையிலயே துரு ஏறும்.

நீங்க பொறுமையா எழுதிக்கோங்க. வீட்டுக்குப் போய் எனக்கு ஆகவேண்டிய காரியம் ஒண்ணுமில்ல.

பேரு மெர்ல் ஹாகன். வயசு எழுபத்திரண்டு. சரக்கு ரயில்ல முப்பத்தோரு வருஷம் வேலை. செத்துப்போனவன் டெல்பர்ட் ரஸ்க், எழுபது. இந்த ஊர் பள்ளிக்கூட பஸ்ஸுக்கெல்லாம் அவன்தான் மெக்கானிக். நீங்களும் அவன் பழுது பார்த்த பஸ்ஸுலதான் பள்ளிக்கூடம் போயிருப்பீங்க.

அந்தத் துப்பாக்கிங்களப் பத்திச் சொல்லாம எங்களப் பத்திச் சொல்ல முடியாது. ஐடஹோவுல அண்ணன் தம்பி ரெண்டு பேர் ஒரு பட்டறை வெச்சிருந்தாங்க. கடைய மூடுற வரைக்கும் முந்நூறு ரைபிள் கூடச் செய்யல. அதுல நொட்டாங்கைக்காரங்களுக்குன்னு செஞ்சது மொத்தம் பதினொண்ணு. மத்த ரைபிள்ல தோட்டா ஏத்த இழுக்கிற பிடி, போல்ட்டும்பாங்க, வலது பக்கம் இருக்கும், எங்கள மாதிரி ஆளு ஒவ்வொரு வெடிக்கும் கைய மேல போட்டு வளைச்சு இழுக்கணும். மான் நின்னு வேடிக்கையா பார்த்துட்டு இருக்கும்? இதுல அந்தத் தொல்லை இல்ல. குழல் குட்டை, எடை குறைச்சல், நெருக்கமான மரத்துக்குள்ள நுழைஞ்சு போனா கிளையில மாட்டாது. எழுபது வயசுக்காரன் தோள்ல போட்டுக்கிட்டு நாள் பூரா மலையேறலாம். அதுக்காகவே தேடி அலையுறவங்க இருக்காங்க.

பில்லிங்ஸ் துப்பாக்கிச் சந்தையில ஒரு மேசை மேல எண்பத்தெட்டாம் நம்பர் இருந்தது. நான் இடது கைய நீட்டினேன், எதிர்ப்பக்கத்துல இருந்து இன்னொரு இடது கை நீண்டுச்சு.

"யோவ், நீயும் நொட்டாங்கையா?"ன்னான். "ஒரே ஊர்ல ரெண்டு கோணலுக்கு எடமில்லையேய்யா."

எனக்கே விட்டுக் குடுத்துட்டான். மூணு வருஷம் கழிச்சு ஒரு பண்ணை ஏலத்துல எண்பத்தொன்பது வருதுன்னு நான்தான் அவனுக்குத் தகவல் சொன்னேன். அடுத்தடுத்த நம்பர், ரெண்டும் நொட்டாங்கை, இது எங்கயும் கிடைக்காது. தனித்தனியா வித்தா ஒரு பழைய ட்ரக் வாங்கலாம். ஜோடியா வித்தா புது ட்ரக் வாங்கலாம். ஆனா நாங்க ரெண்டு பேரும் விக்கணும்னு நெனச்சதே இல்ல.

அவன் எண்பத்தொன்பத ஒவ்வொரு வருஷமும் மலைக்குக் கொண்டு போவான். நான் எண்பத்தெட்டக் கண்ணாடி அலமாரியில வெச்சிருந்தேன். என்கிட்ட வந்த நாள்ல இருந்து ஒரு தோட்டா அதுல வெடிச்சதில்ல. இத வெச்சே என்னைக் கிண்டல் பண்ணுவான். "உன் கல்யாணத்துலயும் இப்படித்தான் எட்ட நின்னு துடைச்சுக்கிட்டே இருந்தியா?"ன்னு கேப்பான். என் மனைவி ஐரீன் அடுப்படியில இருந்து சிரிப்பா. அவ போய்ப் பன்னெண்டு வருஷம் ஆச்சு. அவன் மனைவி லோயிஸ் போய் அஞ்சு வருஷம்.

அதுக்கப்புறம் எனக்கு வாரத்துல ஒரே நாள்தான், செவ்வாய்க்கிழமை. சாயங்காலம் நாலு மணிக்கு வருவான். பீன்ஸும் எல்க் மான் கறியும் போட்டு ஒரு குழம்பு வெச்சிருப்பேன். சாப்பிட்டுட்டுச் சீட்டாடுவோம், ரெண்டு துப்பாக்கியையும் எண்ணெய் போட்டுத் துடைப்போம். மத்த ஆறு நாளும் செவ்வாய்க்குக் காத்திருக்கிற நாள். எனக்குப் புள்ளைங்க கிடையாது. போன் அடிச்சா ஒண்ணு டெல்பர்ட், இல்லாட்டி ராங் நம்பர். ராங் நம்பர்கிட்ட கூட ரெண்டு வார்த்தை பேசியிருக்கேன். தனியா இருக்கிறது பழகிடும்னு சொல்றவங்க தனியா இருந்து பார்க்காதவங்க.

அந்தத் துப்பாக்கிக்குத் தோட்டா இப்ப யாரும் செய்யறதில்ல. பித்தளைக் கூடு கொஞ்சம் என்கிட்ட இருக்கு. வெடிச்ச கூட்டத் திரும்ப எடுத்து, மருந்து போட்டு, நானே தயார் பண்ணிக் குடுப்பேன். ஒரு கூடு தொலைஞ்சா தொலைஞ்சதுதான். அதனால சீசனுக்கு நாலுதான் அவனுக்கு. வெடிச்சா வெறும் கூட்டக் கொண்டு வந்து குடுக்கணும். "தேவாலயத்துல உண்டியல் நீட்டுற மாதிரி நீட்டுறான் பாரு"ன்னு திட்டிக்கிட்டே பாக்கெட்ல இருந்து எடுத்து எண்ணிக் குடுப்பான். ஒரு வருஷம் கூடத் தொலைச்சதில்ல.

செப்டம்பர்ல ஒரு செவ்வாய்க்கிழமை சீட்டக் கலைச்சுக்கிட்டே சொன்னான். "மெர்ல், நான் டூசான் போறேன்யா. ஜெனீன் வீட்டோட."

ஜெனீன் அவன் மக. அரிசோனாவுல இருக்கா.

"எத்தனை நாளைக்கு?"ன்னு கேட்டேன்.

"முழங்கால் ரெண்டும் தேஞ்சு போச்சு. இங்க இன்னொரு பனிக்காலம் தாங்காது. அவ வீட்டுல படியே கிடையாதாம். பேரப்புள்ளைங்க வேற தாத்தா தாத்தான்னு... எத்தனை நாளைக்குன்னு கேட்டா என்ன சொல்றது? போறேன், அவ்வளவுதான்."

நல்லது, போயிட்டு வான்னுதான் சொன்னேன். ஆட்டத்த முடிச்சோம். அன்னிக்கு நான்தான் ஜெயிச்சேன்.

கடைசி சீசன், ரெண்டு துப்பாக்கியும் ஒரு தடவையாவது சேர்ந்து மலை ஏறட்டும்னு அவன் கேட்டான். நவம்பர் ரெண்டாவது வாரம் போனோம். வழியில ட்ரக்ல வெச்சு, எண்பத்தொன்பத எனக்கே குடுத்துட்டுப் போறேன்னான். காசெல்லாம் வேணாம்னுட்டான்.

"ஜோடியப் பிரிக்கக் கூடாதுய்யா. பாவம். உன்கிட்டயே ரெண்டும் இருக்கட்டும்"னான்.

நீங்க என்னை ரெண்டு மணி நேரமா துப்பாக்கிக்காகப் பண்ணியான்னு கேட்டுட்டு இருக்கீங்க. அது தப்பும்மா. துப்பாக்கி சும்மாவே வந்துட்டு இருந்தது. அவன் சொன்ன வார்த்தையத்தான் நான் வண்டி ஓட்டிக்கிட்டே நெனச்சுக்கிட்டு வந்தேன். இரும்பும் மரமும் பிரியக் கூடாதாம், அது பாவமாம். மனுஷன் பிரியலாமாம். அவன் மேல எனக்குக் கோபம் வந்தது அந்த ஒரு தடவைதான். வெளிய காட்டிக்கல.

ஆல்டர் ஓடைக்கு மேல கூடாரம் போட்டோம். ஓடைக்கு எதிர்ச் சரிவுல ட்வெயிட் அண்ணன் தம்பிங்க கூடாரம், அவங்க கோவேறு கழுதைங்களோட. மறுநாள் காலையில ஆளுக்கு நாலு தோட்டா பிரிச்சுக் குடுத்தேன். நான் முகட்டுல உக்காந்தேன். அவன் கீழ பள்ளத்துல விழுந்து கிடக்கிற மரங்களுக்குள்ள போனான். நான் இருந்த எடத்துல இருந்து இருபது நிமிஷ நடை.

ரெண்டு மணி வாக்குல மூணு வெடி கேட்டுச்சு. ஒண்ணுக்கும் ஒண்ணுக்கும் நடுவுல ஒரே அளவு இடைவெளி.

காத்து அடிச்சது, ஒண்ணும் கேக்கலன்னு போன தடவை சொன்னேன். அது பொய். நல்லாக் கேட்டுச்சு. அந்த ரைபிள் சத்தம் எனக்குத் தெரியும். எந்த எடத்துல இருந்து வந்ததுன்னும் தெரியும்.

மூணு வெடின்னா உதவி வேணும்னு அர்த்தம். இந்த மலையில எல்லாருக்கும் அது தெரியும். கேட்டவன் ஒரு வெடி போடணும். கேட்டுருச்சு, நான் வர்றேன், நீ எடத்த விட்டு நகராதேன்னு அர்த்தம். அந்த ஒத்த வெடி கேட்டா மத்தவங்க எல்லாம் அவங்கவங்க வேலையப் பார்ப்பாங்க. ஒரே ஆளுக்காகப் பத்துப் பேர் மலையில அலைஞ்சு ஆளுக்கொரு பக்கம் மாட்டிக்கக் கூடாதுன்னு பெரியவங்க போட்ட ஏற்பாடு அது. நல்ல ஏற்பாடு.

நான் எழுந்துட்டேன். அதையும் எழுதிக்கோங்க. பையத் தோள்ல மாட்டிட்டேன். அப்பத்தான் ஓடைக்கு அந்தப் பக்கம் அசைவு தெரிஞ்சுது. பைனாகுலர்ல பார்த்தேன். ட்வெயிட் அண்ணன் தம்பிங்க கழுதைக்குச் சேணம் போட்டுட்டு இருந்தாங்க. நல்ல பசங்க, கேட்ட உடனே கிளம்பிட்டாங்க. அவங்க போயிருந்தா அரை மணி நேரத்துல அவன எடுத்திருப்பாங்க. அப்புறம் ஹெலிகாப்டர், ஆஸ்பத்திரி, ஜெனீன் வந்திருப்பா. ஆஸ்பத்திரியில இருந்து நேரா டூசான்தான். அவன் ஊர விட்டுக் கிளம்புறதுக்குள்ள இன்னும் வரவேண்டிய ரெண்டு செவ்வாய்க்கிழமை கூட எனக்கு மிஞ்சாது.

எண்பத்தெட்டுல ஒரு தோட்டாவ ஏத்தி வானத்தப் பார்த்துச் சுட்டேன்.

அந்த ஒத்த வெடி யாரு போட்டதுன்னு ட்வெயிட் பசங்க உங்ககிட்ட கேட்டிருக்காங்க. நான்தான். அவங்க தலை நிமிர்ந்து முகட்டப் பார்த்தாங்க. கொஞ்ச நேரம் பேசிக்கிட்டாங்க. அப்புறம் சேணத்த அவுத்துட்டாங்க. அவங்க மேல ஒரு குத்தமும் இல்ல, அத அவங்ககிட்டச் சொல்லுங்க. பெரியவன் ரொம்ப மனசொடிஞ்சு போயிருக்கான்னு கேள்விப்பட்டேன்.

அப்புறம் நான் பையக் கழட்டி வெச்சுட்டு உக்காந்தேன். கொஞ்சம் காத்திருக்கட்டும்னு நெனச்சேன். ஒரு ஆளு வருவானா வருவானான்னு பார்த்துக்கிட்டே இருக்கிறது எப்படி இருக்கும்னு அவனுக்கும் தெரியட்டும்னு. ஒரு மணி நேரம், அவ்வளவுதான் கணக்கு. மூணு மணிக்குப் பனி கொட்ட ஆரம்பிச்சுது. ஃப்ளாஸ்க்ல இருந்த காபியக் குடிச்சேன்.

நாலு மணிக்கு இன்னொரு வெடி கேட்டுச்சு. ஒண்ணே ஒண்ணு. அவன்கிட்ட இருந்தது அவ்வளவுதான், எண்ணிக் குடுத்தவன் நான். பனி பெய்யறப்போ சத்தம் பஞ்சுல பொதிஞ்ச மாதிரி வரும், அந்தப் பக்கம் யாருக்கும் கேட்டிருக்காது. செவ்வாய்க்கிழமையில நான் நாலு மணிக்கு வாசல்ல நிப்பேன், அவன் வர்றதப் பார்க்கிறதுக்கு. அன்னிக்கும் அதே நேரம்தான்.

அதுக்கு நான் பதில் போடல. கூடாரத்துக்கு எறங்கிப் போய் அடுப்பு பத்த வெச்சேன். அவன் தட்டையும் எடுத்து வெச்சேன், எதுக்குன்னு தெரியல. பழக்கம்.

விடிஞ்சதும் ட்வெயிட் கூடாரத்துக்குப் போய், டெல்பர்ட் ராத்திரி திரும்பலன்னு சொன்னேன். பெரியவன் என்னையே பார்த்தான். "அப்ப நேத்து பதில் போட்டது நீங்க இல்லையா?"ன்னான். இல்லையேன்னேன். எல்லாரும் சேர்ந்துதான் தேடினோம். நானே கூட்டிட்டுப் போனா நல்லா இருக்காதுன்னு ரெண்டு தடவை வேற பக்கமா நடந்தேன்.

ஒரு பட்ட மரத்துல சாஞ்சு, குளிர்ல வெறைச்சுப் போய் உக்காந்திருந்தான். இடது கால் முழங்காலுக்குக் கீழ முறிஞ்சிருந்துது. அங்க இருந்து முப்பது கஜம் தவழ்ந்தா வேட்டைக்காரங்க போற தடம். அவன் தவழ்ந்த அடையாளமே இல்ல. நகராதேன்னு சொன்னா நகர மாட்டான், அப்படிப்பட்ட ஆளு. சட்டைப் பாக்கெட்ல நாலு வெறும் கூடு இருந்துது. முறிஞ்ச கால வெச்சுக்கிட்டு, பனியில தடவித் தடவிப் பொறுக்கி எடுத்து, எனக்குக் குடுக்கிறதுக்காகப் பத்திரமா பட்டன் போட்டு வெச்சிருக்கான். அதப் பார்த்துதான் அழுதேன். நடிச்சேன்னு நீங்க நெனைக்கலாம். நடிக்கல.

நீங்க மூஞ்சியத் திருப்பிக்காதீங்க. நான் அவன அடிக்கல, சுடல. அவன் ஒரு பதில் வெடியக் கேட்டுட்டுத்தான் போனான். நம்ம ஆளு வந்துக்கிட்டு இருக்கான்னு நெனச்சுக்கிட்டே கண்ண மூடியிருப்பான். அந்த நெனப்போட எத்தனை பேருக்குச் சாவு வாய்க்குது? ஐரீனுக்கு வாய்க்கல, நான் அன்னிக்கு ரயில்ல இருந்தேன். எனக்கும் வாய்க்காது.

சரி, உங்க வார்த்தையிலயே எழுதிக்கோங்க. உதவிக்கு வந்தவங்களத் தெரிஞ்சே நிறுத்தினேன். அவன் உயிரோட இருக்கான்னு தெரிஞ்சே ரெண்டு மணி நேரம் உக்காந்திருந்தேன், அப்புறம் சாப்பிடப் போனேன். கொன்னேன்னு போட்டாலும் கையெழுத்துப் போடுறேன்.

ஒரே ஒரு காரியம் நீங்க எனக்காகச் செய்யணும்மா. ஜெனீன் அவன் உடம்ப டூசானுக்குக் கொண்டு போறாளாம், வெள்ளிக்கிழமை விமானத்துலயாம். அவகிட்ட நீங்க பேசிப் பாருங்க. இங்கயே லோயிஸ் பக்கத்துல எடம் இருக்கு, என் வீட்டுல இருந்து நடந்தே போயிடலாம். அவ்வளவு தூரத்துல கொண்டு போய்ப் போட்டா அவன் தனியா என்ன பண்ணுவான்? அங்க அவனுக்கு யாரு இருக்கா?