உயிருடன் உள்ளார்: ஆம் / இல்லை

படிவம் நிரப்புவதில் என்னை அடித்துக்கொள்ள ஆளில்லை. வேளாண்மை அலுவலகத்தில் மூன்று வருடமாக அதுதான் என் வேலை. கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் விவசாயிகள், இந்தப் பக்கம் நானும் கணினியும். யாராவது அவசரமாகப் பேனாவைத் திறந்தால், "படிச்சுப் பாத்துட்டுப் போடுங்க பெரியவரே" என்று தடுப்பேன். எங்கள் வீட்டில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான். என் வாய்த்துடுக்கு அங்கிருந்துதான் வந்தது என்று அம்மா சொல்வாள்.

அப்பாவுக்கு மூன்று ஏக்கர் நிலம். நெஞ்சுவலி வந்த பிறகு அவரால் குனிய முடியாது. நான்கு வருடமாக அதில் விதைத்துக் களையெடுத்து அறுத்தது நான். விடியும்போது வயல், ஒன்பதரைக்கு அலுவலகம். நகத்தில் சேறோடு தட்டச்சு செய்திருக்கிறேன். அண்ணன் நகரத்தில் செல்போன் கடை வைத்திருக்கிறான். அவனுக்குப் பயிர் எது, களை எது என்று தெரியாது.

'இந்த நிலத்தில் பயிர் செய்பவர் இவர்' என்று உரிமையாளர் யார் பெயரை எழுதிக் கொடுக்கிறாரோ, அவருக்குத்தான் சாகுபடி மானியம். அப்பா என் பெயரைக் கொடுப்பதாகச் சொல்லியிருந்தார்.

பட்டியல் வந்தபோது எங்கள் நிலத்தைத் தேடினேன். பயிர் செய்பவர்: அண்ணன். சாட்சி: நான். கையெழுத்து என்னுடையதுதான். ஒருநாள் வயலுக்குக் கிளம்பும்போது, "பேங்க் பேப்பரும்மா, ஒரு கையெழுத்து போடு" என்று அப்பா நீட்டிய காகிதம் அது. ஊருக்கெல்லாம் படிக்கச் சொல்கிறவள், அப்பா நீட்டியதால் படிக்கவில்லை.

கேட்டேன். சட்டையை மாட்டிக்கொண்டே பதில் சொன்னார்.

"அவன் ஆம்பளப் புள்ள. நாளைக்கு நிலம் அவனுக்குத்தான். நீ படிச்சவ, எங்க போனாலும் பொழச்சுக்குவ."

"அப்புறம் என்னை எதுக்குச் சாட்சி போட வெச்சீங்க?"

"ஆபீஸ்காரி கையெழுத்து இருந்தா எவனும் கேள்வி கேக்க மாட்டான்ல."

அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் என்னைப் பற்றிய பெருமை தெரிந்தது.

மறுநாள் வருடாந்திரச் சரிபார்ப்பு. ஒவ்வொரு உரிமையாளர் பெயருக்கும் எதிரே 'உயிருடன் உள்ளார்' என்றொரு கட்டம். அப்பாவுக்கு 'இல்லை' என்று குறித்தேன். உரிமையாளர் இறந்துவிட்டால் அவர் எழுதிக் கொடுத்தது செல்லாது. அண்ணனுக்கு மானியம் நிற்கும். அவ்வளவுதான் என் நோக்கம்.

அரசு மருத்துவமனையில் அப்பாவின் இலவச நெஞ்சுவலி மாத்திரையும் இந்தப் பதிவின் அடையாள எண்ணில்தான் வரும். அது தெரியுமா என்று விசாரணையில் கேட்டீர்கள். தெரியும். போன வருடம் ஒரு கரும்பு விவசாயிக்கு இந்தத் தவறு தெரியாமல் நடந்து, மாத்திரை கிடைக்காமல் வந்து நின்றார். தேநீர் ஆறுவதற்குள் நானே சரிசெய்து அனுப்பினேன்.

அப்பா என் வரிசையில்தான் நின்று வந்தார்.

"ஏம்மா, நான் செத்துட்டேன்னு மருந்து குடுக்க மாட்டேங்கறாங்க. செத்தவனுக்கு இப்படிப் பசிக்குமா?"

பக்கத்து மேசைக்காரர் சிரித்தார். நானும் சிரித்தேன். உயிருடன் இருப்பதாகச் சான்று வாங்க வேண்டும், தொண்ணூறு நாள் ஆகும் என்று சொல்லி ஒரு படிவத்தை நிரப்பினேன். அவருக்குப் படிக்கத் தெரியாது. என்ன எழுதினேன் என்று கேட்காமல் பெருவிரலை வைத்தார். போகும்போது, "எம்பொண்ணு பாத்துக்குவா" என்று அந்த மேசைக்காரரிடம் சொன்னார்.

படிவம் என் இழுப்பறையிலேயே இருந்தது.

கடையிலாவது மாத்திரை வாங்கித் தரச் சொல்லி அம்மா அண்ணனுக்குப் போன் செய்தாள். அடுத்த மாதம் பார்க்கலாம் என்றானாம். பிறகு என்னிடம் வந்தாள். "மானியம் வாங்கப்போறவன் வாங்கித் தரட்டும்மா" என்றேன். கோபமாகச் சொல்லவில்லை.

நான் 'இல்லை' என்று குறித்ததிலிருந்து எழுபத்தோராம் நாள் காலையில் அப்பா குளியலறை வாசலில் விழுந்தார், எழவில்லை. மாத்திரை நின்றதுதான் காரணம் என்றார் மருத்துவர். நான் மறுக்கவில்லை. மகனை நம்பினார், மகன் கைவிட்டான். அலுவலகப் பதிவில் அவர் இறந்த தேதி எழுபத்தொரு நாள் முந்தி இருக்கிறது. அந்தப் பிழைக்கு மட்டும் நான் பொறுப்பு.