வெனிங் ஓடாத ஓட்டம்

— நில்லு சத்ரியோ. கொஞ்சம் நில்லு. ஷூ கடிக்குது.

— மறுபடியுமா? போன தடவ லேஸ், அதுக்கு முன்னாடி வயித்து வலி. வெனிங், நாம இன்னும் சுதிர்மான் ரோட்டுல பாதி கூடத் தாண்டல.

— கடிக்குதுன்னா கடிக்குது. என் ரூம் வாடகைய விட ஜாஸ்தி இந்த ஷூ. கடிக்கக் கூடாதுதான். ஆனா கடிக்குது.

— வியாழக்கெழம இதே ஷூவுலதான பத்து கிலோமீட்டர் ஓடின? ஓட்டக் கணக்கு காட்டற போன் ஆப்ல பாத்தேன். அதுவும் என்னா வேகம். நம்ம குரூப்புல எல்லாரும் வாயப் பொளந்துட்டாங்க.

— அன்னைக்குக் காத்து நல்லா இருந்துச்சு.

— ஜகார்த்தாவுல. காத்து. அது சரி.

— கிண்டல் பண்ணாத. ஐயோ, அங்க கேமராக்காரர் ஒக்காந்திருக்காரு. ஓடு, ஓடு. தலைய நிமித்து. சிரி.

— இப்ப மட்டும் ஷூ கடிக்கலையா?

— பேசாத, படத்துல வாய் கோணிக்கும். ஆச்சா? தாண்டிட்டமா? அப்பாடி. இனி நடப்போம்.

— பாரு, இந்த ரோட்டுல பாதிப் பேரு இப்படித்தான். கேமராவக் கண்டா மான் மாதிரி ஓடறது, தாண்டினதும் ஐஸ் காபி வாங்க வரிசையில நிக்கறது.

— நிக்கட்டுமே. ஞாயித்துக்கெழம ஒரு நாளு கார் விடாம ரோட்ட நமக்குக் குடுத்திருக்கான். ஓடினா என்ன, நின்னா என்ன.

— நிக்கலாம், எனக்கொண்ணும் இல்ல. ஆனா அம்மா காத்துட்டிருப்பாங்க. ரவுண்டானாகிட்ட, கோழிக் கஞ்சி வண்டியில.

— அம்மாவா? எந்த அம்மா?

— எனக்கு ஒரே அம்மாதான். உன்னப் பாக்கணும்னு நச்சரிச்சிட்டே இருந்தாங்க. முன்னாடியே சொன்னா நீ வர மாட்ட, அதான் சொல்லல.

— நீயெல்லாம் ஒரு மனுஷனாடா? வேர்த்து ஊத்திட்டு நிக்கறேன். மூஞ்சி தக்காளி மாதிரி இருக்கு. இந்தக் கோலத்துலயா உங்கம்மாவ மொத தடவ பாக்கறது?

— வேர்வையெல்லாம் அவங்களுக்கு ஒரு விஷயமே இல்ல. உன் ஓட்டம் ஒவ்வொண்ணும் அவங்களுக்கு அத்துப்படி. எந்தச் சந்துல நாய் தொரத்தும்னு கூடச் சொல்லுவாங்க. மழையில கூட ஒரு நாள் விடல, அந்தப் பேருக்காரி யாருன்னு ஒரு தடவ பாக்கணும்னாங்க.

— நான் வீட்டுக்குப் போறேன்.

— வெனிங்.

— சத்தியமா போறேன். ஸ்டேஷன் அந்தப் பக்கம்தான?

— என்ன ஆச்சு இப்ப?

— அது நான் இல்ல சத்ரியோ.

— எது?

— ஓடினது. ஒண்ணு கூட நான் ஓடல. காசு குடுத்து ஆள் வெச்சேன். ஊர்ல எல்லாரும் வெக்கறாங்கல்ல, ஜோக்கின்னு, அந்த மாதிரி. அந்த ஆளுங்கள அனுப்பற அட்மின்கிட்ட என் ஆப் பாஸ்வேர்டக் குடுத்துட்டேன். அவரு யாரையோ அனுப்புவாரு, அந்த ஆளு என் பேர்ல ஓடிட்டு வருவான். யாருன்னு கூடத் தெரியாது. யாராவது காலேஜ் பையனா இருக்கும்.

— ம்.

— ம்முன்னா என்ன அர்த்தம்?

— நீ சொல்லு. கேக்கறேன்.

— ஆபீஸ்ல திடீர்னு எல்லாரும் ஓட ஆரம்பிச்சிட்டாங்க. சாப்பாட்டு நேரத்துல வேற பேச்சே கெடையாது. முட்டி, மூச்சு, ஷூ. நான் பாட்டுக்குச் சோத்தப் பாத்துட்டு ஒக்காந்திருப்பேன். ஒரே ஒரு தடவன்னுதான் ஆள் வெச்சேன், சத்தியமா. அன்னைக்கு சாயங்காலமே உன் மெசேஜ் வருது. செம ஓட்டம், எந்தப் பக்கம் ஓடுவீங்கன்னு. அப்புறம் எப்படி நிறுத்தறது? நிறுத்தினா நீ போயிருவ.

— போயிருவேனா?

— ஓடற பொண்ணுன்னுதான என்னைத் தேடி வந்த? நான் மாடி ஏறினாலே சுவத்தப் புடிச்சிட்டு நிக்கறவ. நீ என்னை விட்டுருவியோன்னு பயந்து பயந்தே இத்தன நாள் ஓட்டிட்டேன். இப்ப உங்கம்மா வேற. அவங்க கண்டுபுடிக்கறதுக்கு முன்னாடி என் வாயாலயே சொல்லிட்டேன், அதுவாவது மிச்சம். குரூப்புல சொல்லணும்னா சொல்லிக்க.

— வெனிங், எனக்குத் தெரியும்.

— என்ன தெரியும்?

— நீ ஓடலன்னு. பழகின புதுசுல ஒரு நாள் தெபெத்துல செப்லாக் சாப்பிட்டோமே. காரம் தாங்காம உனக்கு மூக்கு ஒழுகி, கடைக்காரம்மா சர்க்கரைத் தண்ணி கொண்டாந்து குடுத்தாங்க. அப்ப என் போன் டிங்குன்னுச்சு. வெனிங் ஓடி முடிச்சிட்டாங்கன்னு.

— ஐயோ.

— நீ எதிர்ல ஒக்காந்து மூக்கத் தொடைச்சிட்டு இருக்க.

— அப்பவே தெரிஞ்சும் தெனம் கைதட்டுற படம் போட்டியே, பாவி.

— ஓடின ஆளுக்குப் போட்டேன். ஒழுங்காத்தான ஓடறாங்க.

— கோவமே வரலையா உனக்கு?

— வந்துச்சு. ரெண்டு நாள் உனக்கு போன் பண்ணாம இருந்தேன், நீ கவனிக்கக் கூட இல்ல, அது வேற கத. அப்புறம் யோசிச்சா, உன்கூட நான் சந்தோஷமா இருந்ததெல்லாம் ஒக்காந்துட்டுதான். செப்லாக் கடை. சினிமா. மழைக்கு ஒதுங்கின பெட்ரோல் பங்க். ஓடறவ கூட நான் இருந்ததே இல்லையே. உன்னை விட்டுட்டு எங்க போறது? நீயா சொல்லுவன்னு இருந்தேன்.

— இப்ப எதுக்குடா எனக்குச் சிரிப்பு வருது?

— எனக்கென்ன தெரியும்.

— கால் லேசாயிருச்சு. இப்ப வேணா நெஜமாவே ஓடிருவேன் போலருக்கு.

— ஓடு.

— வேணாம், ஒரு பேச்சுக்குச் சொன்னேன். ஆனா உங்கம்மா? அவங்ககிட்ட நீயே சொல்லிடேன்.

— அத நான் சொல்ல முடியாது. அதோ பாரு, மஞ்ச முக்காடு, கை ஆட்டறாங்க. அம்மா, இதான் வெனிங்.

— வாம்மா. மொதல்ல ஒக்காரு. பேசாத. மூக்கால இழு, வாயால விடு. இன்னொரு தடவ. ஆங், அப்படி. இப்ப கஞ்சி. நீ கலக்கித் திங்கற ஆளா, கலக்காமத் திங்கற ஆளா?

— கலக்கித்தாம்மா.

— எங்க வீட்டுல கலக்காமத்தான். பரவால்ல, அதக் கூட மன்னிச்சிரலாம்.

— அம்மா, சாப்பிடறதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லணும். சொல்லலன்னா எறங்காது. அந்த ஓட்டமெல்லாம் நான் ஓடல. ஆள் வெச்சு ஓட விட்டேன். நீங்க பாக்கணும்னு சொன்ன பொண்ணு நான் இல்ல.

— கஞ்சி ஆறுதும்மா.

— திட்டணும்னா திட்டிருங்க.

— எதுக்குத் திட்டணும்? இவங்கப்பா போனதுலேர்ந்து செவுத்தப் பாத்துட்டு ஒக்காந்திருந்தவ நான். இவன் எவ்ளோ கூப்பிட்டும் வாசலத் தாண்டல. வெளிய போறதுக்கு எனக்கு ஏதாவது ஒரு சாக்கு வேண்டியிருந்துச்சு.

— புரியலம்மா.

— சொல்லிருங்கம்மா. நானும் எவ்ளோ நாள்தான் ரெண்டு பேருக்கும் நடுவுல வாய மூடிட்டிருக்கறது.

— சொல்றேன், இருடா. இந்தாம்மா, அப்பளம் எடுத்துக்க. அடுத்த மாசத்துலேர்ந்து அட்மின்கிட்ட வேற யாரையாவது கேட்டுக்க கண்ணு. உன் பேர்ல ஓடி ஓடி எனக்குக் கால் பழகிருச்சு, இனிமே என் பேர்லயே ஓடிப் பாக்கலாம்னு இருக்கேன்.